ஹொங்கேகெரேயில் நாலு நாள்

“லிங்கமா?”

“லிங்கம் இல்லேப்பா. லிங்க்ஸ்.”

“ஒண்ணா இருந்தா லிங்கம், நாலஞ்சா இருந்தா லிங்க்ஸ். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சிண்டியா?”

“அந்த இங்கிலீஷே வேறப்பா. கோல்ஃப் லிங்க்ஸ்.”

“சரி, எந்த ஊரிலே இருக்கு?”

“சிக்கபள்ளாபுரம் தாண்டி, ஹொங்கேகெரேன்னு ஒரு சின்ன கிராமம். நந்திக்குப் பக்கம்.”

“நந்திக்குப் பக்கமா?”

“ஆமாம், ஆனா...”

“என்னடா ஆனா! நந்திக்குப் பக்கத்திலே லிங்கம் இல்லாம வேற என்னடா இருக்கும்?”

கூடத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இப்படிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, தளிகை உள்ளின் கதவுக்குப் பின்னால் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமளத்தின் கை அரிவாள்மணையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. வேறு யார் வீட்டிலாவது இது நடந்திருந்தால் அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருப்பாள். இப்போது சிரிக்க முடியவில்லை. மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கும் அவள் கணவனுக்கும் கிடைக்கவிருந்த நாலு நாள், அந்த ஒரு வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டு நின்றது.

அவளுடைய மாமனார் சீனிவாசராகவன் மைசூர் சம்ஸ்தானத்தின் சர்வே இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். காலையில் பன்னிரண்டு திருமண்ணும் சாத்திக்கொள்ளாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மல்லேஸ்வரம் என்று ஊர்ப்பெயரை எழுதுவதில்கூட, அதில் ஈஸ்வரன் இருக்கிறாரே என்று அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கடிதங்களில் ‘எட்டாவது குறுக்குத் தெரு, பெங்களூர்’ என்று மட்டும் எழுதுவார். தபால்காரர்தான் புரிந்துகொண்டு கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய், மராமத்து இலாகாவில் குமாஸ்தாவாக இருக்கும் அவருடைய இளைய பிள்ளை தேசிகன், ஈஸ்டர் விடுமுறைக்கு மனைவியை அழைத்துக்கொண்டு ‘லிங்க்ஸுக்கு’ப் போகிறேன் என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்?

“ஏழு தலைமுறையா நம்மாத்திலே ஒருத்தரும் பண்ணாத காரியம்” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “அதுவும் ஆம்படையாளை வேற அழைச்சிண்டு!”

இந்த நாலு நாளுக்குப் பின்னால் ஒரு மாதத்து யோசனை இருந்தது.

அந்த வீட்டில் பதினோரு பேர். கோமளத்துக்கும் தேசிகனுக்கும் என்று தனியாக ஓர் அறை இருந்தது உண்மைதான். ஆனால் மாடிப்படிக்கு அந்த அறையின் வழியாகத்தான் போகவேண்டும். அரிசிக் குதிரும் அங்கேதான். கிரோசின் டின்னும் அங்கேதான். யாராவது ஒருவர் எதையாவது எடுக்க வந்துகொண்டே இருப்பார்கள். மூத்த மைத்துனர் குழந்தைகள் ஒளிந்து விளையாடுவதும் அந்த அறையில்தான். இந்த மூன்று வருஷத்தில் கணவனும் மனைவியும் தொடங்கிய பேச்சில் ஒன்றையாவது முடித்ததாகக் கோமளத்துக்கு நினைவில்லை. சின்ன வயதில் எதற்குப் பயப்படுவாய் என்று அவன் ஒருதடவை கேட்டான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது அரிசி எடுக்க ஆள் வந்துவிட்டது. அந்தப் பதில் இன்னும் அவளிடமே இருந்தது.

மொட்டை மாடி ஒன்றுதான் கொஞ்சம் சௌகரியம். கோமளம் துணி உலர்த்தப் போகும் நேரமும், தேசிகன் ஆபீசுக்குப் புறப்படுமுன் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கப் போகும் நேரமும் எப்படியோ ஒன்றாக அமைந்துவிட்டன. பங்குனி வெயிலில் தினமும் மழை பார்க்கப் போகும் பிள்ளையைப் பற்றி மாமியார் ராஜலக்ஷ்மி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அங்கேதான் அவன் முதலில் சொன்னான். அவனுடைய மேலதிகாரியாக இருந்த எஞ்சினீயர் துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போகிறார். சனிக்கிழமைதோறும் துரையோடு போய் ஆட்டக் கணக்கை எழுதிக்கொடுத்த தேசிகனுக்கு மூன்று பழைய மட்டைகளும், வடுப்பட்ட பந்து ஒரு டஜனும் கொடுத்திருக்கிறார். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் கொடுத்திருக்கிறார். ஹொங்கேகெரே ஏரிக்கரையில் இலாகாவின் முசாபரி பங்களாவுக்குப் பக்கத்தில் அவரே ஒரு காலத்தில் போட்ட கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பங்களாவில் பத்து நாள் தங்கிக்கொள்ளத் தேசிகன் பெயருக்கு ஒரு கடிதம்.

“எனக்கு லீவு நாலு நாள்தான்” என்றான் தேசிகன். “ஆனா நாலு நாள் போறாதா?”

“எதுக்குப் போறாதா?”

“ஆடறதுக்கு.”

“ஓ, ஆடறதுக்கா” என்று சொல்லி அவள் ஈரத்துணியை உதறினாள். ஒரு வீச்சுத் தண்ணீர் அவன் சட்டையில் தெறித்தது.

“ஒன்பது குழி இருக்கு, கோமளா. ஒவ்வொண்ணா பந்தைத் தட்டிண்டே போகணும். கடைசியிலே புறப்பட்ட இடத்துக்கே வந்துடுவோம்.”

“புறப்பட்ட இடத்துக்கே வரதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் நடக்கணும்?”

“நடக்கறதுக்குத்தான்.”

“நான் என்ன பண்ணுவேன்?”

“கூட நடக்கணும். பேசிண்டே வரணும்.”

“ஆட்டத்துக்கு நடுவிலே பேசலாமா?”

“அடிக்கறப்போ மட்டும் பேசக்கூடாது. அது அரை நிமிஷம். மீதி நேரமெல்லாம் பேசலாம்.”

கோமளம் அதை மனத்துக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இந்த வீட்டில் அரை நிமிஷம் பேசலாம், மீதி நேரமெல்லாம் பேசக்கூடாது. அங்கே எல்லாம் தலைகீழ்.

“பந்து தொலைஞ்சு போயிட்டா?”

“தேடணும். அஞ்சு நிமிஷம் தேடலாம்னு சட்டம்.”

“யாரோட சட்டம்?”

“ஸ்காட்லாந்துக்காராளோடது.”

“அவா யாராவது ஹொங்கேகெரேக்கு வரப்போறாளா?”

“வரமாட்டா.”

“அப்போ மெதுவாவே தேடலாம்.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் உடனே குனிந்து அடுத்த துணியை எடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து, “கோமளா! பால் பொங்கறது!” என்று குரல் வந்துவிட்டது.

அடுத்த நாள் மீதியைச் சொன்னான். அங்கே சீமையில் போலப் பசும்புல் தரை கிடையாதாம். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்து இறுக்கிய மண்தான். நடந்த சுவடு விழுந்தால் பந்து கோணலாக ஓடும். அதனால் நீண்ட காம்பு வைத்த ஒரு பலகையால் மண்ணை இழுத்து இழுத்துச் சமம் செய்யவேண்டும்.

“வாசல் மெழுகற மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

“அப்போ அது என் வேலை” என்றாள் கோமளம். “நீங்க அடியுங்கோ. நான் மெழுகறேன்.”

இப்படியே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வாக்கியமாக, அந்தப் பயணம் உருவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை சின்ன ரயில். சிக்கபள்ளாபுரத்தில் இறங்கி மாட்டுவண்டி. பங்களாவில் காவல்காரன் உண்டு, வெந்நீர் போட்டுக் கொடுப்பான். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் முதல் நாளைக்கு. பிறகு அவளே ஒரு கும்முட்டியில் ஏதாவது செய்வாள். காலையில் வெயில் ஏறுமுன் ஐந்து குழி. மத்தியானம் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்பது. சாயங்காலம் மீதி நாலு குழி. ‘சும்மா உட்கார்ந்திருப்பது’ என்பதை அவன் ஒரு தந்திக் காகிதத்தின் பின்புறம் நேரம் போட்டு எழுதியே வைத்திருந்தான்: பன்னிரண்டு மணி முதல் நாலு மணி வரை.

பங்குனி நடுவில் மாற்றல் உத்தரவும் வந்தது. மே முதல் தேதி தேசிகன் சித்திரதுர்க்கம் ஆபீசில் போய்ச் சேரவேண்டும். புது ஊர், மாதத்தில் பாதி நாள் சுற்றுப் பயணம், சின்னப் பெண்ணைத் தனியாக எப்படி விடுவது என்று மாமனார் யோசித்து, கோமளம் இங்கேயே இருக்கட்டும், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று முடிவு சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நிலத்தை அளப்பதுபோல எல்லாவற்றையும் அளந்து பார்த்துத்தான் சொல்வார். அன்றிலிருந்து ஹொங்கேகெரே கோமளத்துக்கு வெறும் உல்லாசப் பயணமாக இல்லை. முடியாமல் நின்ற பேச்சையெல்லாம் முடிக்க அவளுக்கு இருந்தது அந்த நாலு நாள்தான்.

இப்போது அதற்கு நடுவில் லிங்கம் வந்து நின்றது.

“கோல்ஃபுங்கறது ஒரு விளையாட்டுப்பா” என்று தேசிகன் கூடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான். “அது ஆடற மைதானத்துக்குப் பேர்தான் லிங்க்ஸ்.”

“கோலாட்டமா?” என்று ராஜலக்ஷ்மி தளிகை உள்ளிலிருந்தே கேட்டாள்.

“கோலாட்டம் இல்லேம்மா. பந்தைக் கோலாலே தட்டிக் குழியிலே போடறது. ஒன்பது குழி.”

“பல்லாங்குழிக்குப் பதினாலு வேணுமேடா? ஒன்பதை வச்சிண்டு என்ன ஆடுவா?”

இதற்குக் கோமளம் சிரித்தே விட்டாள். ராஜலக்ஷ்மி திரும்பி அவளைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

தேசிகன் கடைசி அஸ்திரமாகத் தன் அறைக்குப் போய், குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பையைக் கொண்டுவந்தான். மட்டைகளோடு ஒரு மடித்த காகிதமும் அதில் இருந்தது. எஞ்சினீயர் துரை தன் கையாலேயே வரைந்த மைதானத்தின் படம். ஏரி, கரை, பங்களா, ஒன்பது குழிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே இத்தனை கெஜம் என்று கணக்கு.

சீனிவாசராகவன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.  கோமளம் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். மாமனார் காகிதத்தைத் தரையில் விரித்து, அதன் மேல் கவிழ்ந்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தூரம் அளந்துகொண்டிருந்தார்.

“நக்ஷா நன்னாத்தான் போட்டிருக்கார்” என்றார் கடைசியில். குரலே மாறிவிட்டது. “ஆனா இந்த மூணாவது குழி தப்பு.”

“என்னப்பா தப்பு?”

“நானூத்திப் பதினேழு கெஜம்னு எழுதியிருக்கார். கரை இவ்வளவு வளைஞ்சா நானூத்திப் பதினேழு வராது. முந்நூத்தித் தொண்ணூறைத் தாண்டாது.”

“துரையே சங்கிலி போட்டு அளந்தார்ப்பா.”

“துரை அளந்தா பூமி நீண்டுடுமாடா?”

அவர் எழுந்து ஒரு மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கனம் பார்த்தார். கொல்லைப்புறம் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேசிகன் காட்டியபடி காலை அகட்டி நின்று, ஒரு பந்தை அடித்தார். பந்து துவைக்கிற கல்லில் மோதி, கிணற்றுச் சுவரில் மோதி, ராஜலக்ஷ்மி காயப்போட்டிருந்த மிளகாயை நாலு பக்கமும் இறைத்துவிட்டு வாழைமரத்தடியில் போய் நின்றது. வீட்டில் உள்ள குழந்தைகளெல்லாம் ஓடிவந்து கைதட்டின.

“ரொம்ப நன்னாயிருக்கு!” என்றாள் ராஜலக்ஷ்மி. “அறுபத்திரண்டு வயசிலே!”

“லிங்கம் இல்லேடா இது” என்று சீனிவாசராகவன் மூச்சு வாங்கிக்கொண்டே பிள்ளையிடம் ஒப்புக்கொண்டார். கோமளத்துக்கு அந்தக் கணம் உடம்பெல்லாம் லேசாயிற்று. அடுத்த கணம் அவர் சொன்னார்: “அந்த மூணாவது குழியை நானே வந்து அளந்து காட்டறேன். எல்லாருமாவே போயிட்டு வரலாம்.”

தேசிகன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். பிறகு, “சரிப்பா” என்றான்.

அன்றிலிருந்து பயணம் வளரத் தொடங்கியது. சீனிவாசராகவன் பழைய சர்வே பாரங்களின் பின்புறத்தில் பட்டியல் எழுதினார். பெருமாளை விட்டுவிட்டுப் போக முடியாது, ஆகவே சாளக்கிராமப் பெட்டி. பெருமாளுக்குத் தளிகை வேண்டும், ஆகவே செப்புப் பாத்திரங்கள். ஏரித் தண்ணீரை அப்படியே உபயோகிக்க முடியாது, ஆகவே வடிகட்டத் துணியும் இரண்டு குடமும். பங்களாவில் அறை இரண்டுதான், ஆகவே பழைய இலாகா நண்பர் ஒருவரிடமிருந்து கூடாரம். மூத்த மைத்துனரின் குழந்தைகள் நாலு பேரோடு வீட்டில் எல்லோரும் வருவதாயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்திருந்த அத்தையும் வருவதாயிற்று. வண்டி ஒன்று என்றிருந்தது மூன்றாயிற்று. அளக்கும் சங்கிலி பரணிலிருந்து இறங்கி, எண்ணெய் பூசப்பட்டுக் கூடத்தில் பளபளவென்று கிடந்தது.

மாடியில் கோமளம் துணியைப் பிழிந்த பிழியில் நூலே அறுந்துவிடும்போல இருந்தது.

“நீங்க ஏன் சரின்னேள்?”

“அப்பா அவ்வளவு சந்தோஷமா கேக்கறப்போ எப்படி இல்லேன்னு சொல்றது, கோமளா? ஓய்வு பெத்ததிலேர்ந்து அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லே.”

“நான் சிரிச்சு நீங்க பார்த்திருக்கேளா?”

 சட்டைப் பையிலிருந்து அந்தத் தந்திக் காகிதத்தை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தான். “இன்னிக்குச் சொல்லிடறேன்” என்றான்.

சொல்லத்தான் போனான். அரை மணி கழித்து அவன் திரும்பி வந்தபோது, பட்டியலில் தாழங்குடை இரண்டு சேர்ந்திருந்தது. மறுநாள் திரும்பவும் போனான். அன்று ஊறுகாய் ஜாடி சேர்ந்தது. மூன்றாம் நாள் அவன் போகவே இல்லை. கோமளத்துக்கு அவன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் அரை மணிக்குமேல் நிற்கவில்லை என்பது அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதன். அதனால்தானே மூன்று வருஷத்தில் அவளையும் அவன் ஒருதடவைகூடக் கடிந்து பேசவில்லை.

அவளே போய்ச் சொல்வது என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. மாமனார் எதிரில் அவள் வந்து நின்றதே இல்லை. அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால், அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நாலடி தூரத்தில் நின்றாலும், “ராஜம், உன் மாட்டுப்பெண்ணைத் தீர்த்தம் கொண்டுவரச் சொல்லு” என்பார். அவள் தீர்த்தத்தை மாமியார் கையில் கொடுப்பாள். மரியாதை என்றால் அந்த வீட்டில் அதுதான். அவளை அதற்காக யாரும் குறைவாக நடத்தியதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாமியாரும் மருமகளும் புளிக்காய்ச்சல் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு இரண்டு வேளைக்கு வேண்டும். பெரிய வாணலி.

“ஏண்டி, மூஞ்சியைத் தூக்கி வச்சிண்டா புளி சீக்கிரம் கொதிக்குமா?” என்றாள் ராஜலக்ஷ்மி.

“ஒண்ணுமில்லேம்மா. புகை.”

“புகை எனக்குத் தெரியும். மழை பார்க்கப் போறவனையும் எனக்குத் தெரியும்.”

கோமளம் சட்டென்று கரண்டியால் வேகமாகக் கிளறினாள். முகம் சிவந்தது அடுப்பாலா அதனாலா என்று சொல்ல முடியாது.  ராஜலக்ஷ்மி வெந்தயம் வறுத்துக்கொண்டே ஏதோ ஒன்றை மெதுவாக முனகினாள். அவள் பாடிக் கோமளம் கேட்டதே இல்லை.

“அம்மா, நீங்க பாடறேளா!”

“பாட்டுமில்லே கீட்டுமில்லே. உன் மாமனார் பாடற பாட்டு அது.”

“அவர் பாடுவாரா?”

“பாடுவார்னு நானும் ஒரு தடவைதான் கேட்டேன்” என்றாள் ராஜலக்ஷ்மி. “கல்யாணமான புதுசிலே வருஷத்திலே எட்டு மாசம் கேம்ப்லேயே இருப்பார். ஒரு தடவை தும்கூர் பக்கம் கேம்ப். என் மாமியார் அனுப்பி வச்சா, ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வான்னு. நாலு நாள் கூடாரத்திலே இருந்தேன். ராத்திரி சமைச்சு, சாப்பிட்டு, வெளியிலே பாயைப் போட்டு உட்கார்ந்திண்டு பாடினார். ‘என்ன இப்படிக் கத்தறேளே’ன்னு சொன்னேன். ‘இங்கே கேக்க யார் இருக்கா, நீ ஒருத்தி தவிர’ன்னார்.” அவள் வெந்தயத்தை முறத்தில் கொட்டினாள். “அப்புறம் குழந்தைகள் பொறந்தா. கேம்ப்புக்குப் போக முடியலே. அப்புறம் அவர் பாடவே இல்லே.”

“இப்போ போறோமே, அம்மா.”

“போறோம், பன்னெண்டு பேரா” என்றாள் ராஜலக்ஷ்மி. பிறகு தனக்குத்தானே, “ஆனாலும் கூடாரம்னு சொன்னதும் ஒரு ஆசை” என்றாள்.

கோமளம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு வாரமாக அவள் மனத்துக்குள் தன் நாலு நாளைப் பிடுங்கிக்கொண்டவர்கள் என்று இவர்களையெல்லாம் நினைத்திருந்தாள். கூடத்தில் கிடந்த சங்கிலியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்திருந்தது. இப்போது அந்த எரிச்சலுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. இந்த அம்மாளும் ஒரு நாலு நாளை முப்பத்தைந்து வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று முழுவதும் அவள் யோசித்தாள். மாமியாரின் நாலு நாளும் தன் நாலு நாளும் ஒரே பங்களாவில், ஒரே கூட்டத்தில் சேர்ந்தால் ஒன்றுமே மிஞ்சாது என்று அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டு பேருக்கு நடுவில் மாமனார் பாடப்போவதில்லை. தேசிகனும் அவளும் பந்தைத் தேடி மெதுவாக நடக்கப்போவதில்லை. கூடவே நாலு குழந்தைகள் ஓடிவந்து ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

புதன்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு, சீனிவாசராகவன் கூடத்தில் பட்டியலோடு உட்கார்ந்தார். எதிரில் தேசிகன். தூண் ஓரமாக ராஜலக்ஷ்மி, ஊருக்கு எடுத்துப்போகும் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, சரிபார்த்து, பக்கத்தில் கோடு போட்டார். குழந்தைகளைக் கூப்பிட்டு யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுக்குப் பட்டம், ஒன்றுக்குத் தூண்டில். எழுதிக்கொண்டார். அத்தைக்கு வெற்றிலைப் பெட்டி. எழுதிக்கொண்டார்.

“பங்களாவுக்கு எந்தத் தேதிவரைக்கும் அனுமதி?”

“இருபத்தஞ்சுவரைக்கும்ப்பா” என்றான் தேசிகன். “மொத்தம் பத்து நாள். நாமதான் நாலு நாள்லே திரும்பிடுவோமே.”

“ஆறு நாள் வீணாப் போறதா? போகட்டும்.” அவர் பேனாவை மசியில் தோய்த்தார். “சரி, உன் ஆம்படையாளுக்கு ஏதாவது வேணுமான்னு கேளு. பட்டியலை இன்னியோட முடிச்சுடப் போறேன்.”

தேசிகன் தளிகை உள்பக்கம் திரும்பினான். கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். “கோமளா” என்றான். “அப்பா கேக்கறார். உனக்கு ஏதாவது வேணுமா?”

வழக்கமாக இந்த இடத்தில் அவள் மெதுவாக ஏதாவது சொல்லவேண்டும். ஒன்றும் வேண்டாம் என்றோ, ஒரு சீப்பு என்றோ. ராஜலக்ஷ்மி அதை வாங்கி இந்தப் பக்கம் சொல்வாள். ராஜலக்ஷ்மி காதைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

கோமளம் கையைத் துடைத்துக்கொண்டாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தாள்.

பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. சீனிவாசராகவன் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய முகத்தை இவ்வளவு வெளிச்சத்தில் அவர் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. யார் இந்தப் பெண் என்பதுபோல ஒரு கணம் விழித்தார். தேசிகன் பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றான். அவனைப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று அவள் தரையையே பார்த்தாள்.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் அதற்குத் தேவை வரவில்லை. தேசிகன் கூப்பிடுகிறபடியே கூப்பிட்டாள்.

“அப்பா” என்றாள்.  திரும்பவும் சொன்னாள். “அப்பா, எனக்குச் சாமான் ஒண்ணும் வேண்டாம். அவருக்கு லீவு இருக்கிற நாலு நாளும் நாங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வரோம். நாங்க வந்தப்புறம், மீதி ஆறு நாள் அங்கே நீங்களும் அம்மாவும் மட்டும் போய் இருங்கோ. இங்கே குழந்தைகளை, ஆத்தை, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்.”

தூண் ஓரத்தில் மடித்துக்கொண்டிருந்த புடவை ராஜலக்ஷ்மியின் மடியில் நழுவி விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

கோமளம் முதல்தடவையாகக் கண்ணை உயர்த்தி மாமனாரை நேராகப் பார்த்தாள்.

“அப்படிப் போலாமா, அப்பா?”